என் மருமகள் கேட்ட இரண்டு அவன்

விராலிமலை,
வெள்ளிக்கிழமை காலை.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி நாகராசு அவர்கள் சமூகத்துக்கு, விராலிமலை அய்யாக்கண்ணு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி மணிமேகலையும் தங்கள் மகள் வைஷ்ணவியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கத்தார் தோகாவில் வேலை பார்க்கும் மகன் சூர்யபிரகாஷும் அப்படியே இருப்பது நேற்றைய வீடியோவில் தெரிந்தது. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமா, கடலை பூ விட்டதா, புதிதாக வாங்கிய கறவை மாடு உதைக்காமல் நிற்கிறதா என்பதையெல்லாம் அறிய ஆவல். முக்கியமாகத் தங்கள் ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

விராலிமலைக்கும் குடுமியான்மலைக்கும் ஒரு பஸ் தூரம், இதற்குப் போய் எவனாவது ஸ்பீடு போஸ்ட் அனுப்புவானா என்று தாங்கள் நினைக்கலாம். வேறு வழியைத் தாங்கள் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போன் செய்து, “சம்பந்தி, எம்புள்ள என்னமோ ரெண்டு கேட்டுச்சாம்ல? ஞாயித்துக்கெழம எங்க பெரியவுக நாலு பேரோட வாரேன். அங்க வச்சுப் பேசிக்கிருவோம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் சம்பந்தியம்மாள் எடுத்து, “அவுக வயலுக்குப் போயிருக்காக” என்கிறார்கள். பின்னால் தாங்கள் இருமுவது எனக்குக் கேட்கிறது. வயலில் இருமினால் வீட்டில் கேட்கிறது என்றால் அது சாதாரண இருமல் இல்லை, டாக்டரிடம் காட்டுவது நல்லது. சரி, நேரிலேயே போய்விடலாம் என்று சட்டையை மாட்டினேன். மணிமேகலை விடவில்லை. “நீங்க போயி வாயத் தொறந்தா ரெண்டு நாலாயிரும். பேசாம எழுதிப் போடுங்க” என்றாள். நான் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். நடந்ததை நடந்தபடி எழுதி மேலே அனுப்பிப் பழக்கப்பட்டவன். ஆகவே எழுதுகிறேன்.

எல்லாம் எங்கள் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்தது. பொங்கலுக்கு ஊருக்கு வருவதற்குள் அடுப்படியை இடித்துப் புதிதாகக் கட்டிவிட வேண்டும் என்று சூர்யபிரகாஷ் தோகாவிலிருந்து சொன்னான். சொன்ன வேகத்தில் நாங்களும் இடித்துவிட்டோம். இடிப்பது என்ன பெரிய காரியம், ஒரே பகலில் முடிந்தது. பழைய கடப்பாக்கல் மேடை போயிற்று, பரண் போயிற்று, என் அப்பா காலத்துப் புகைக்கூண்டும் போயிற்று. கேஸ் அடுப்பைத் தூக்கி வாசல் போர்டிகோவில் ஒரு மேசைமேல் வைத்துக்கொண்டோம். கார் நிறுத்துவதற்காகக் கட்டிய போர்டிகோ, கார் இதுவரை வரவில்லை, அடுப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் மயில் நடமாட்டம் எப்படி என்று தங்களுக்குத் தெரியும். தாளிக்கிற வாசனைக்கு அவை காம்பவுண்டுச் சுவரில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். பந்திக்கு முந்திக்கொள்கிற சொந்தக்காரர்களைப் போல.

அடுப்படியைப் புதிதாக அமைத்துக் கொடுப்பதற்குத் திருச்சியிலிருந்து வசந்தகுமார் என்று ஒரு தம்பி வந்தார். இடுப்பில் டேப், கையில் லேப்டாப், வாயில் பாதி இங்கிலீஷ். மற்றபடி நல்ல பிள்ளை. வந்ததும் அளவெடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “சார், மொதல்ல ஒண்ணு முடிவு பண்ணணும். உங்க வீட்ல அவன் எங்க இருக்கணும்?” என்று கேட்டார். நான், “தோகாவுல இருக்கான் தம்பி, பொங்கலுக்கு வாரான்” என்றேன். அவர், “அது இல்ல சார். கேக் சுடுற அவன்” என்றார். “அவனுக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாதே தம்பி” என்றேன். அதற்குள் வைஷ்ணவி சிரித்துக்கொண்டே ஓடிவந்து விளக்கினாள். நாமெல்லாம் ஓவன் என்று சொல்கிறோமே, அதை இங்கிலீஷில் முறையாகச் சொன்னால் அவன் என்றுதான் வருமாம். வசந்தகுமார் வாயைத் திறந்தால் அவன், அவன் என்று வந்ததில் அன்று முதல் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் அதே பேச்சாகிவிட்டது. சம்பந்தி, இந்த இடத்தில் தயவுசெய்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவன் என்பது ஆள் இல்லை. கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டி. கரண்டில் சூடாகும். உள்ளே கேக் வேகும். அவ்வளவுதான்.

வைஷ்ணவிக்கு அது ஏன் வேண்டும் என்பது தங்களுக்கே தெரியும். போனைப் பார்த்து கேக் செய்யக் கற்றுக்கொண்டு, படுக்கையறையில் ஒரு சின்ன அவனை வைத்துக்கொண்டு, விராலிமலையில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் இவள் கேக்தான் என்று பெயர் வாங்கிவிட்டாள். பைபாஸில் இருக்கும் கம்பெனிகளிலிருந்துகூட ஆர்டர் வருகிறது. அந்தச் சின்னதில் ஒரு கேக்குக்கு மேல் வைக்க முடியாது. அதோடு மிக்சியும் ஓடினால் ஃபியூஸ் போய் வீடே இருண்டுவிடும். ஆகவே புது அடுப்படியில் சுவரோடு சேர்த்துப் பெரியதாக ஒன்று வைப்பது என்று முடிவானது. எங்கே வைப்பது என்பதில்தான் சனி பிடித்தது. அடுப்புக்குக் கீழே வைக்கலாம், அல்லது உயரமான அலமாரிக்குள் நெஞ்சளவுக்கு வைக்கலாம் என்றார் வசந்தகுமார். அதை முடிவு செய்யாமல் மேடையும் இல்லை, அலமாரியும் இல்லை, எல்லா அளவும் அதைப் பொறுத்துத்தானாம். வைஷ்ணவி உயரத்தில் தங்களைக் கொண்டவள். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து எடுத்தால் இடுப்பு போய்விடும், மேலேயே வைக்கலாம் என்றாள். அவள் நெஞ்சளவு என்பது மணிமேகலைக்கு மூக்கு அளவு. “கதவத் தொறந்தா அனலு எம்மூஞ்சியிலல்ல அடிக்கும்? கீழ வைங்க” என்றாள் இவள். கீழே வைத்தால் இவளுக்கே முட்டி மடங்காது. அதையும் சொன்னேன். “நான் எதுக்கு மடங்கணும்? நாந்தான் அதத் தொடவே போறதில்லையே. அடுப்புன்னா தீயி கண்ணுக்குத் தெரியணும். மூடி வச்சு வேகுறதையெல்லாம் நான் நம்ப மாட்டேன்” என்றாள். “தொடப்போறதில்லன்னா அது எந்த ஒசரத்துல இருந்தா ஒனக்கென்ன?” என்று கேட்டேன். “எம் அடுப்படியில எனக்கு எட்டாம ஒரு சாமான் இருக்கக்கூடாது” என்றாள்.

வைஷ்ணவி மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடுகிற வீட்டில் சோறு ருசியாக இருக்கும், பேசாமல் இருக்கிற வீட்டில் இருக்காது. மாமியாரும் மருமகளும் என் வழியாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒரே மேசையருகே நின்றுகொண்டு, “மாமா, அத்தைகிட்ட உப்பு போட்டாச்சான்னு கேளுங்க” என்பாள் ஒருத்தி. “போட்டாச்சுன்னு சொல்லுங்க” என்பாள் இன்னொருத்தி. இருவரும் தனித்தனியாகத் தோகாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். அந்தப் பயலும் இருவருக்கும் தனித்தனியாக “நீங்க சொல்றதுதான் சரி” என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். கடைசியில் நானே ஒரு யோசனை செய்தேன். டிவி வந்த அட்டைப்பெட்டியை அவனாக வைத்துக்கொண்டு, இடித்த அடுப்படியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஏற்றியும் இறக்கியும் ஆளுக்கொரு தடவை திறந்து மூடச் சொல்லலாம் என்று பார்த்தேன். கனம் இருக்கட்டுமே என்று உள்ளே அம்மிக்குழவியை வைத்தது என் புத்திசாலித்தனம். கயிறு அறுந்தது. கால் பெருவிரல் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இப்படி இருக்கையில், ரைஸ்மில்காரர் வீட்டுப் பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. வைஷ்ணவிக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர், இரண்டு அடுக்கு கேக். ஃபியூஸ் போகாமல் இருக்கட்டும் என்று, தனி லைன் உள்ள போர்டிகோவுக்குச் சின்ன அவனைக் கொண்டுவந்து சுட்டு, ஆறட்டும் என்று ஸ்டூலில் வைத்துவிட்டு, கிரீம் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் மயில் வந்துவிட்டது. ஒரு அடுக்கைக் கொத்திக் கிளறி, மற்றதில் ஏறி நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. வைஷ்ணவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் இல்லாமல் அழுதாள் சம்பந்தி. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதா, மயிலை விரட்டுவதா என்று நின்றுகொண்டிருந்தேன். மணிமேகலைதான் விளக்குமாற்றோடு வந்தாள். “முருகன் வண்டின்னா ஒனக்கு ஒரு வெவஸ்த வேணாமா? எம்மருமக ஒழைப்பு ஒனக்கு எளக்காரமாப் போச்சா?” என்று அதைத் தெருக்கோடி வரைக்கும் விரட்டிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். அப்புறம் முந்தானையைச் செருகிக்கொண்டு, “எந்திரிடி. எத்தன முட்ட ஒடைக்கணும், சொல்லு” என்றாள். இடையில் நான் இல்லாமல் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது வெகுநாளைக்குப் பிறகு அதுதான்.

இருவரும் சேர்ந்து முதலிலிருந்து செய்தார்கள். மாவு உள்ளே போனதும் மணிமேகலை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் நகரவே இல்லை. திடீரென்று, “ஏங்க, இங்கிட்டு வாங்களேன், எந்திரிக்குது பாருங்க!” என்று கூப்பிட்டாள். சூர்யபிரகாஷ் முதல்முதலாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். கேக்கை நான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஒரு சாமியைக் கும்பிட்டேன். ரைஸ்மில் வீட்டில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அதை வந்து சொன்னதும் இருவர் முகத்தையும் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் என் மனைவி நைசாக, “ஏண்டி வைஷு, இதுக்குள்ள கருப்பட்டியும் கடலையும் போட்டு பிஸ்கட்டு மாதிரி வச்சா வேகுமா?” என்று கேட்டாள். வெந்தது. முதல் தடவை கல்லாக வந்ததை ஜன்னலுக்கு அண்டை கொடுக்கலாம் போல இருந்தது. அப்புறம் பதம் வந்துவிட்டது. வைஷ்ணவி அதை கேக்கோடு ஒரு கம்பெனி ஆபீசுக்கு அனுப்ப, அங்கிருந்து மேற்கொண்டு கேட்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் ஒரு அவனுக்கு இரண்டு பேர் போட்டி. இவள் கேக் வைத்தால் அவள் பிஸ்கட் காத்திருக்கிறது, அவள் பிஸ்கட் வைத்தால் இவள் மாவு புளிக்கிறது.

இனி வருவதுதான் முக்கியம். கடைசி முடிவு கேட்க வசந்தகுமார் வந்த சாயந்திரம் போர்டிகோவில் கிரீம் அடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வைஷ்ணவி, “மாமா, ஒரே அவன வச்சுக்கிட்டு இனிமே என்னால காலந்தள்ள முடியாது. எனக்கு ஒரு அவன், அத்தைக்கு ஒரு அவன். ரெண்டு அவன் வந்தாத்தான் இந்த வீட்ல நிம்மதி” என்றாள். மணிமேகலை, “ஆமாங்க, இந்த வயசுல எனக்கும் ஆச வந்துருச்சு, என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றாள். நான், “நீங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தாச் சரி, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எதுக்கும் சூர்யாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்” என்றேன். சூர்யபிரகாஷ் போன் ஸ்பீக்கரில், “எனக்குச் சம்மதந்தாம்ப்பா. நல்லா உழைக்கிறதாப் பாத்து எடுங்க” என்றான். அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. மயில் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு ராக்காயி முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு நின்றிருக்கிறார். விழுந்தது கீரைக்கூடை.

ராக்காயி நல்ல மனுஷிதான். ஆனால் கேட்டதைத் தனியாகச் சுமக்கிற உடம்பு இல்லை. அடுத்த நாள் அன்னவாசலில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை தங்கள் தங்கையுடையது. பாயசம் வருவதற்குள் விஷயம் இலை மாறிவிட்டது. அதன் பிறகு தங்களுக்கு வந்த வழியைத் தாங்களே அறிவீர்கள். நேற்று ராக்காயி சுவர் ஓரமாக வந்து, “காலம் கெட்டுப்போச்சுண்ணே. மருமகப்புள்ள சின்னஞ்சிறுசு, அறியாம கேட்டுருச்சு, விடுங்க. மதினிக்குமாண்ணே?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்கே தங்கள் போனின் அர்த்தம் விளங்கியது. வீட்டுக்குள் போய் மணிமேகலையிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கட்டிலில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். தங்களுக்குப் போன் செய்து விளக்கலாம் என்று அவளும் இரண்டொரு தடவை போனை எடுத்தாள். எடுத்ததும் சிரிப்பு வந்து வைத்துவிடுகிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் வைஷ்ணவிக்கு இது எதுவும் தெரியாது. இதை ஒரு மாமனார் மருமகளிடம் எந்த வாயால் சொல்வது? தாங்கள் கோபமாக இருப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவளே தங்களுக்குப் போன் செய்து, “அப்பா, இங்க ஒரு பிரச்சனையும் இல்ல. ரெண்டு அவனுக்கும் மாமா சம்மதிச்சுட்டாங்க. அடுத்த வாரம் ரெண்டும் வீட்டுக்கு வந்துரும்” என்று சமாதானம் சொல்லியிருக்கிறாள். தாங்கள் பட்டென்று போனை வைத்துவிட்டீர்கள். தாங்கள் வைத்ததில் தப்பே இல்லை, எந்தத் தகப்பனும் வைத்திருப்பான். ஆனால் அந்தப் பெண் அன்றிலிருந்து, “அப்பாவுக்கு நான் கேக் விக்கிறது கௌரவக் கொறச்சலாத் தெரியுது போல மாமா. நான் வேணா ஆர்டரெல்லாம் நிப்பாட்டிரவா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தைதான் என்னை உட்கார்த்தி வைத்து எழுத வைத்தது.

ஆக, எங்கள் வீட்டில் வரப்போவது இரண்டு பெட்டி. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் இடம் மிச்சம் என்றார் வசந்தகுமார். “மருமக மேல, நான் கீழயா? ஊரு சிரிக்காது?” என்றாள் மணிமேகலை. “நான் கீழ வச்சுக்கிறேன் அத்தை” என்றாள் தங்கள் மகள். “குனிஞ்சு ஒன் இடுப்பு போறதுக்கா?” என்று இவளே அதையும் தள்ளிவிட்டாள். கடைசியில் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில், இவளுக்கும் எட்டுகிற மாதிரி, அவளும் குனியாத மாதிரி வைப்பதென்று முடிவு. அந்த இடம் இதுவரை நான் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்த மூலை. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடும்பம் ஒன்றாக இருந்தால் காபியை நின்றுகொண்டும் குடிக்கலாம்.

ஆகவே சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வர வேண்டும். ஆனால் பெரியவர்கள் நாலு பேரையும் நியாயம் பேச அழைத்து வராமல், சாப்பிட அழைத்து வரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரமே இரண்டு பெட்டியும் எங்கள் அடுப்படியில் ஏறிவிடும், இதில் இனி எந்த மாறுதலும் இல்லை. தாங்கள் வந்ததும் மகளிடம் முதல் வார்த்தையாக, கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மற்றது தானாகச் சரியாகும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், தங்கள் தங்கைக்கும் வணக்கம், கோபம் இல்லை என்று சொல்லவும். மலைமேல் இருப்பவன் நம் இரு வீட்டையும் கண் பார்க்கட்டும், பயிர் விளையட்டும், மாடு கறக்கட்டும், தங்கள் கொதிப்பு இறங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
அய்யாக்கண்ணு

பி.கு.: கவருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே தங்கள் வேன் வந்து நின்றுவிட்டது. ஞாயிறு வரைக்கும் தங்களால் பொறுக்க முடியவில்லை என்று தெரிகிறது. தாங்கள் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கியதும், தங்கள் அண்ணன் போர்டிகோவில் நின்று எல்லோர் முன்னாலும், “ஆத்தா வைஷ்ணவி, மறைக்காமச் சொல்லு. யாரு அந்த ரெண்டு பேரு?” என்று கேட்டதும், அவள் ஒன்றும் புரியாமல் போனில் இரண்டு படத்தைக் காட்டி, “இதுதான் பெரியப்பா, ரெண்டும் நல்ல கம்பெனி” என்றதும் தாங்கள் கண்ட காட்சிதான். போன் நாலு பெரியவர்கள் கைக்கும் போய் வந்தது. தங்கள் அண்ணன் முதலில் சிரித்தார். தாங்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. அது சிரிப்பு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்புறம் பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்த தங்கள் அண்ணன், “இத எதுக்கு அடுப்படிக்குள்ள வக்கிறீக? இலுப்பூரு பஸ் ஸ்டாண்டுகிட்ட என் கட சும்மாதான் கெடக்கு, அங்க வைங்க” என்றார். நான் தம்ளர் எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு அவனும் கடைக்கு. வசந்தகுமாருக்குப் போன் போட்டு அடுப்படி வேலை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நல்ல நாள், கையோடு கடையைப் பார்த்துப் பால் காய்ச்சிவிடலாம் என்று போர்டிகோவில் இருந்த அடுப்பையும் சிலிண்டரையும்கூட வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். மணிமேகலை முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வைஷ்ணவி தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடு சீட்டில். எனக்கு இடம் இல்லை. ஆகவே மேலே கண்டதில் அவன் வைக்கிற இடம், உயரம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, மாறுதல் இல்லை என்று எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெனக்கெட்டு எழுதியதால் ஒரு தடவை படித்துவிடவும். தாங்கள் யாரும் போனை எடுக்காததால் இதை இலுப்பூர் பஸ்ஸில் எனக்குத் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன், கடைக்கே கொண்டுவந்து தருவார். திரும்பி வரும்போது மணிமேகலையை எனக்கு நாலு இட்லி வாங்கி வரச் சொல்லவும். சட்னியைத் தனியாகக் கட்டச் சொல்லவும்.